பின்கதவின் கொக்கி

மேகலாவின் சாப்பாட்டுப் பையில் அன்று டிபன் பாக்ஸோடு ஒரு லாரியும் இருந்தது.

லாரி என்றால் ஒரு சாண் நீளம்கூட இல்லாத லாரி. ராணுவத்தில் ஆள் ஏற்றுகிற மூன்று டன் வண்டியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை, வெள்ளைவெளேரென்று நின்றது. முன் அச்சு கோணாமல் இருக்கிறதா என்று கம்பெனியின் கிரானைட் மேஜையில் வைத்துப் பார்ப்பதற்காக எடுத்து வந்திருந்தாள். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற அந்தக் கம்பெனியில் அவள் பதினாறு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறாள். தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புவதுதான் உத்தியோகம்.

மதியம் இரண்டரைக்கு முதல் ஷிப்ட் முடிந்து கேட்டில் பை சோதனை. செக்யூரிட்டி கோவிந்தன் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வரிசை நீண்டது. யாரோ, "அண்ணா, கம்பெனி பஸ் போயிடும்" என்று கத்தினார்கள்.

"இது எங்க வண்டியாச்சே மேடம்" என்றார் கோவிந்தன்.

"உங்க வண்டியா?"

"பதினேழு வருஷம் ஆர்மியில இதத்தான் ஓட்டினேன். யார் செஞ்சது?"

"நான்தான்."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு விரலால் தொடாமல் பேனா முனையால் காட்டினார். "பேட்டரிப் பெட்டி இவ்ளோ கீழ இருக்காது. ஆத்துல எறங்கினா தண்ணி பூந்துடும்ல."

மேகலாவுக்குக் கோபம் வரவில்லை. யாராவது ஒருவர் இப்படிச் சொல்ல மாட்டாரா என்று நாலு மாதமாகக் காத்திருந்தாள்.

இந்தப் பழக்கம் அவளுக்கு ஊரடங்குக் காலத்தில் ஒட்டிக்கொண்டது. கணவன் ராஜசேகர் அவனுடைய அக்கா மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக பாகங்களை ஒட்டிச் செய்கிற ஒரு டாங்கி கிட் வாங்கினான். அதை அனுப்ப வழியில்லாமல் பார்சல் வீட்டிலேயே கிடந்தது. ஒரு நாள் சும்மா பிரித்துப் பார்த்தவள் பிறகு மூடவே இல்லை. மூன்று டாங்கி, ஒரு ஜீப் முடித்தாள். அப்புறம் பெட்டியில் வருவதை ஒட்டுவதில் ஆசை குறைந்துவிட்டது. எந்தப் பெட்டியிலும் வராத வண்டியைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. இந்த லாரிக்குக் கிட் எங்கேயும் கிடைக்கவில்லை. சக்கரங்கள் மட்டும் வேறொரு கிட்டிலிருந்து வந்தவை. மற்றதெல்லாம் பெங்களூரில் வாங்கிய பிளாஸ்டிக் தகட்டிலும் வீட்டில் கிடைத்ததிலும் பிறந்தவை. மாத்திரை அட்டையின் அலுமினியத்தில் வைப்பர். ஊசி மருந்துக்குழலின் ஊசியில் சைலன்சர். தகட்டின் பின்பக்கத்தில் ஊசிமுனையால் மெல்ல அழுத்தினால் முன்பக்கம் ரிவெட் தலை மாதிரி புடைத்து வரும். அப்படி நானூற்றுச் சொச்சம் ரிவெட். டிஷ்யூ பேப்பரை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துப் போர்த்தினால் தார்பாய். வீட்டில் எது காணாமல் போனாலும் ராஜசேகர் முதலில் லாரியைத்தான் எட்டிப் பார்ப்பான்.

கேட்டில் டப்பாவைத் திறந்த அன்றிலிருந்து கோவிந்தன் அவளுக்குப் புத்தகமாகிவிட்டார். காலை டீ இடைவேளையில் அவள் கேட் பக்கம் போவாள். அவர் விசிட்டர் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு வைத்திருப்பார். படம் சுமாராக இருக்கும், விஷயம் துல்லியமாக இருக்கும். ஏறுகிற படியில் பூட்ஸ் வழுக்காமலிருக்க எத்தனை வரி வெட்டியிருக்கும், தீயணைப்புச் சிலிண்டரை எந்தப் பக்கப் பட்டை பிடித்திருக்கும், ஹாரன் வயர் எந்த ஓட்டையில் நுழையும், எல்லாம். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பும் நாலு மாடுமாக இருக்கிற மனிதர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இந்த வேலைக்கு வந்தவர். வண்டி பற்றிப் பேசும்போது மட்டும் முதுகு நிமிர்ந்துவிடும்.

"கண்ணை மூடினா கிளட்ச் மிதி காலுக்குக் கீழ வந்துடும் மேடம்" என்பார்.

ஆனால் பின்கதவு என்றதும் அவர் பேச்சு நின்றுபோனது.

லாரியின் பின்னால் கீழ்நோக்கித் திறக்கிற பலகைக் கதவு அது. அதை மூடினால் இரண்டு பக்கமும் எது பிடிக்கும், எப்படிப் பூட்டும் என்பதுதான் மேகலாவின் கேள்வி. நெட்டில் இருந்த படங்களில் எல்லாம் வண்டியை முன்னாலிருந்தே எடுத்திருந்தார்கள்.

"கொக்கி ஒண்ணு இருக்கும். அதுல சொருகற இரும்புப் பின் ஒண்ணு இருக்கும்" என்றார் கோவிந்தன்.

"எப்படி இருக்கும்ணா? ஒரு படம் போட்டுக் குடுங்களேன்."

"மறந்துடுச்சு மேடம்."

ஹாரன் வயரின் ஓட்டையை மறக்காதவர் இதை மறந்தேன் என்கிறார். மறுநாளும் கேட்டாள். அவர் ரெஜிஸ்டரில் கண்ணை வைத்துக்கொண்டு, "பின்னாடி தார்பாயை எறக்கி மூடிடுங்க. யாருக்கும் தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியுமேண்ணா."

அவர் அப்போது உள்ளே வந்த ஒரு கன்டெய்னருக்குக் கேட்டைத் திறக்கப் போய்விட்டார். நாலைந்து நாள் படம் எதுவும் வரவில்லை. மேகலா தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று வருத்தப்பட்டாள்.

வழி காட்டியது ராஜசேகர். அவன் நெடுஞ்சாலையில் டயர் ரீசோல் கடையில் மேலாளராக இருக்கிறான். லாரிகளின் ஜாதகம் தெரிந்தவன். "குருபரப்பள்ளி தாண்டி ஒரு கல் யார்டுல ஆர்மி ஏலத்துல எடுத்த வண்டி ஒண்ணு ஓடுது. நீ செய்யறியே, அதே வண்டிதான். ஞாயித்துக்கிழமை போலாமா?" என்றான்.

சனிக்கிழமை கேட்டில் அவள் கோவிந்தனிடம் சொன்னாள். "நாளைக்குப் பத்து மணிக்கு அந்த வண்டியப் பாக்க குருபரப்பள்ளி கல் யார்டுக்குப் போறோம்ணா. நீங்களும் வந்தா நல்லாருக்கும்."

"நாளைக்கு மாட்டை டாக்டர்கிட்ட ஓட்டிக்கினு போகணும்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது யார்டில் கோவிந்தன் ஏற்கெனவே நின்றிருந்தார். அவருடைய மொபெட் வேலியோரம் சாய்ந்து நின்றது. யூனிஃபார்ம் இல்லாமல் வெள்ளைச் சட்டையில் ஆள் சிறுத்துத் தெரிந்தார். லாரியின் பின்னால் நாலடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றார். தொடவில்லை.

"மாடு?" என்றான் ராஜசேகர்.

"சரியாப் போச்சு" என்றார்.

வண்டியின் பச்சை நிறம் போய் நீலம் அடித்திருந்தார்கள். கல் பட்டுப் பட்டு மேல் விளிம்பெல்லாம் நெளிந்திருந்தது. டிரைவர் திம்மப்பன் எல்லையோர ஊர்க்காரர். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். "ரண்டி மேடம், ரண்டி, வாங்க வாங்க. லாரியை அளக்கவா வந்தீங்க? எதுக்கு, வாங்கப் போறீங்களா?" என்று சிரித்தார். மேகலா பையிலிருந்து குட்டி லாரியை எடுத்துக் காட்டியதும் அவர் சிரிப்பு நின்றது. தன்னுடைய வண்டியையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "அய்யோ, ஏணி கூட வச்சிருக்காங்களே" என்றார்.

மேகலா வெர்னியர் அளவுகோலும் டேப்பும் எடுத்துக் கதவருகே குனிந்தாள். வண்டியின் பக்கச் சுவரில் கீலில் ஆடுகிற கொக்கி. இரும்பு வார்ப்பு, இருபது சென்டிமீட்டர் நீளம், நல்ல கனம். கதவை மூடியதும் அது தானாக விழுந்து கதவிலிருக்கிற வளையமான காதுக்குள் உட்கார்ந்தது. கொக்கிக்கு மேலே குறுக்காக ஒரு ஓட்டை.

"இதுலதான் பின் வருமா?" என்றாள்.

"ஆமா" என்றார் கோவிந்தன். யார்டில் வண்டியைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"பின் எங்க திம்மப்பண்ணா?"

"பின்னா?" திம்மப்பன் தலையைச் சொறிந்தார். "நான் இந்த வண்டிக்கு வந்து ஒம்போது வருஷம் ஆச்சு மேடம். பின்னு நான் பாத்ததே கிடையாது."

கோவிந்தன் கட்டியிருந்த கையை விட்டார். "பின் இல்லாமயா ஓட்டற?"

"ஆமா சார்."

"கல்லு ஏத்திக்கினு?"

"கல்லு ஏத்திக்கினுதான். பள்ளத்துல, மேட்டுல, எங்கதான் போகல."

"ஒரு தடவைகூடத் தொறந்துக்கல?"

"எப்பிடித் தொறக்கும்? கையால தூக்கினாத்தான் தொறக்கும்."

கோவிந்தன் கிட்டே போய்க் கொக்கியைத் தொட்டார். மேலே தூக்கிப் பார்த்தார், விட்டார். டங்கென்று விழுந்தது. மறுபடி தூக்கினார், விட்டார். அப்புறம் திம்மப்பனிடம், "அந்தக் குழி வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றியா? நான் பின்னாடி வந்து பாக்கறேன்" என்றார். அவர் குரல் கேட்டில் கேட்கிற குரலாக இல்லை.

யார்டிலிருந்து கழிவுக்கல் கொட்டுகிற குழி வரை அரைக் கிலோமீட்டர். பாதை என்று சொல்ல முடியாது, உடைகல்தான். காலி லாரி குதித்துக் குதித்துப் போனது. ராஜசேகர் பைக்கை ஓட்ட, பின்னால் உட்கார்ந்திருந்த கோவிந்தன் அவன் தோளைப் பிடித்து எட்டி எட்டிக் கதவையே பார்த்தார். புழுதியில் இரண்டு பேரும் மாவு பூசினாற்போல ஆனார்கள். ஒரு இடத்தில் பின்சக்கரம் பாறையில் ஏறி இறங்கியபோது கதவு துள்ளியது. கொக்கி அசைந்ததே தவிர வெளியே வரவில்லை. போய்த் திரும்பி வந்தார்கள். கோவிந்தன் இறங்கி, "இன்னொரு தடவை" என்றார். திம்மப்பன் மேகலாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். இன்னொரு தடவையும் போய் வந்தார்கள்.

திரும்பியதும் கோவிந்தன் அறுத்து வைத்திருந்த ஒரு கல்பாளத்தின் மேல் உட்கார்ந்தார். மேகலா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், அருணாசலப் பிரதேச மலையில், விடிந்ததும் கிளம்பிய ஒரு வண்டி வரிசையில் அவருடைய லாரி மூன்றாவது. பின்னால் பதினொரு பேர். கிளம்புமுன் இரண்டு பக்கப் பின்னையும் பார்ப்பது டிரைவர் வேலை. வலதுபக்கம் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் சுபேதார் விசில் ஊதிவிட்டார். இடதுபக்கம் பார்த்தாரா இல்லையா என்பது ஞாபகத்தில் இல்லை. ஏழாவது வளைவில் கதவு இடதுபக்கம் விட்டுத் திறந்து சரிய, கடைசியில் உட்கார்ந்திருந்த கருப்பசாமி ரோட்டில் விழுந்தான். சாத்தூர்ப் பக்கத்துப் பையன். இடுப்பெலும்பு போய்விட்டது. ஒரு கால் குட்டையாகிப்போனது. ஆறு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"விசாரணையில கேட்டாங்க. ரெண்டு பின்னும் பாத்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன் மேடம்" என்றார். "பொய்தானே அது. என் தட்டுலயே சாப்பிட்டவன் அவன். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனேன். அவன் என் மூஞ்சியையே பாக்கல. அவனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு வந்துட்டேன். அப்புறம் பேசவே இல்ல."

தூரத்தில் கல் அறுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மேகலாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அளவு சொல்லத்தான் தெரியும். கொக்கியின் மூக்கை அவரிடம் காட்டினாள். "இங்க பாருங்கண்ணா. இந்த மூக்கு உள்பக்கம் வளைஞ்சிருக்கு. கதவு வெளிய தள்ளத் தள்ள இது இறுகுது. பின் சும்மா ரெண்டாவது காவல். அது இல்லாட்டியும் கொக்கி கழலணும்னா நாலு சென்டிமீட்டர் மேல போகணும். குலுக்கல்ல அது அசைஞ்சதே தவிர ஏறலன்னு நீங்களே பாத்தீங்க."

"அப்ப?"

"இந்த வண்டியில இப்படி. அந்த வண்டியில கொக்கி தேஞ்சிருந்துச்சா, காது விரிஞ்சிருந்துச்சா, எனக்குத் தெரியாது. பாக்காததை நான் சொல்ல மாட்டேன். ஆனா பின்னை மறந்ததால மட்டும் அந்தக் கதவு தொறந்திருக்காது."

"கையால தூக்கினாத்தான்" என்றார் கோவிந்தன் மெதுவாக. திம்மப்பன் சொன்ன அதே வார்த்தை. அதைச் சொன்ன பிறகு அவர் கொக்கியைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். பின்னால் பதினொரு பேர் இருந்தார்கள் என்பது மேகலாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் கொக்கி செய்ய உட்கார்ந்தாள். இருபது சென்டிமீட்டர் இங்கே ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு. பித்தளைத் தகட்டில் வெட்டி, ஊசி அரத்தால் ராவி மூக்கை வளைவாக்கினாள். முதல் இரண்டும் மூக்கு ஒடிந்து போயின. மூன்றாவது இடுக்கியிலிருந்து தெறித்துத் தரையில் எங்கோ விழுந்தது. ராஜசேகர் டார்ச்சோடு சமையலறை முழுக்கத் தேடி, கடைசியில் தன் செருப்பின் அடியில் கண்டுபிடித்தான். பின்னுக்குச் செம்புக் கம்பி, வயரைப் பிரித்து எடுத்த ஒற்றை இழை. அதைக் கட்டிவைக்கிற சங்கிலிக்கு இரண்டு இழைகளை முறுக்கித் தட்டையாக்கினாள். சனிக்கிழமை மதியம் ஜன்னல் வெளிச்சத்தில் கதவை மூடிப் பார்த்தாள். கொக்கி தானாகவே விழுந்து காதில் உட்கார்ந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்கக் கோவிந்தன் கேட்டில் பையை மட்டும் பார்த்து அவளை அனுப்பினார். அடுத்த புதன்கிழமை டீ இடைவேளையில் அவரே கூப்பிட்டார். கேபினில் உட்காரச் சொல்லி ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நம்பர் தேடி எடுத்தேன் மேடம். எங்க பழைய கிளார்க்குகிட்ட இருந்துச்சு. நேத்து சாயங்காலம் போட்டேன்."

கருப்பசாமி சாத்தூரில் மாவு மில் வைத்திருக்கிறான். குரல் கேட்டதும் யாரென்று தெரிந்துகொண்டான். கோவிந்தன் நலம் விசாரிக்கவில்லை. நேராக, "நான் அன்னைக்கு எடது பக்கம் பின் பாக்கலடா. பாத்தேன்னு பொய் எழுதிக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் மில் மட்டும் ஓடுகிற சத்தம்.

"அப்புறம்?" என்றாள் மேகலா.

"அப்புறம் அவன் சொன்னான். தார்பாய்க் கயிறு கதவுல மாட்டிக்கிச்சாம். குளிர் உள்ள வருதுன்னு எல்லாரும் கத்தியிருக்காங்க. இவன் எடது பக்கப் பின்னை உருவி, கொக்கியைத் தூக்கி, கயித்தை இழுத்திருக்கான். அதுக்குள்ள வளைவு வந்துடுச்சு." கோவிந்தன் மூச்சு வாங்கினார். "பின் இருந்துச்சாம் மேடம். நான் போட்டுத்தான் இருந்தேன்."

மேகலாவின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஓடற வண்டியில கதவுமேல கை வெச்சான்னு தெரிஞ்சா பென்ஷன் போயிடும்னு பயந்து, ஒழுங்கா உக்காந்திருந்தேன்னு அவனும் எழுதிக் குடுத்துட்டானாம். தன்னால டிரைவர் மேல பழி வந்துடுச்சேன்னுதான் ஆஸ்பத்திரியில என் மூஞ்சியப் பாக்கலையாம். நான் கோவத்துல பேசாம இருக்கேன்னு நெனச்சுட்டானாம். இருபத்து மூணு வருஷம்." அவர் கர்சீஃப்பை எடுத்து மூக்கைத் துடைத்தார். "ரெண்டு பேரும் பொய் சொல்லிட்டு ரெண்டு பேரும் ஒளிஞ்சிக்கினு இருந்திருக்கோம். இன்னா சொல்றது?"

"அவர் கோவப்பட்டாரா?"

"திட்டினான். நல்லா திட்டினான். பின்னைப் பத்தி இல்ல. இத்தனை வருஷம் ஒரு போன் போடலையேன்னு." இப்போது அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை. வெளியே ஒரு வேன் ஹாரன் அடித்தது. அவர் எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, வண்டி நம்பரை எழுதி, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நாளையில இருந்து மூணு நாள் லீவு சொல்லியிருக்கேன். அவனைப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

மேகலா பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்கதவைப் பார்த்தார். இரண்டு கொக்கி, இரண்டு பின், மயிர் மாதிரி இரண்டு சங்கிலி. வெகுநேரம் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் லாரிக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. திரையில் இரண்டு தலைகள் முட்டிக்கொண்டு தெரிந்தன. ஒன்று கோவிந்தன். இன்னொன்று மீசையெல்லாம் மாவு படிந்த ஒரு முகம்.

"வணக்கம் தாயி. நான் கருப்பசாமி பேசுதேன். உங்க லாரியப் பாத்தேன். அச்சு அசல் அப்படியே இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் கொறை. டீக் கேத்தலைக் காணோம். வலது பக்கம் ஏணிக்கிட்ட கட்டித் தொங்கவிட்டிருப்போம்."

"எடது பக்கம்டா" என்றார் கோவிந்தன்.

"வலது பக்கம்லே. நாந்தான தெனமும் அவுப்பேன்."

"வண்டி என்னுது. எனக்குத் தெரியாதா? எடது பக்கம் மேடம், இவன் பேச்சைக் கேக்காதீங்க."

"தாயி, இவனுக்கு முன்னாடி பாத்து ஓட்டத்தான் தெரியும். பின்னால நடந்தது இவனுக்கு என்ன தெரியும்?"

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க. அப்புறம் கேத்தல் செய்யறேன்" என்றாள் மேகலா.

அவர்கள் முடிக்கிற மாதிரி தெரியவில்லை. கேத்தலிலிருந்து அந்தக் கேத்தலை வாங்கின கடைக்குப் போனார்கள். அங்கிருந்து யாரோ ஒரு ஹவில்தாரின் குறட்டைக்குப் போனார்கள். அவள் போனை மசாலா டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, பிரஷ்ஷைத் துடைத்து, பானெட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தாள்.